ஹவுஸ்போட்டில் ராத்திரி ஏசி: ஜெனரேட்டர் இல்லாமல் இன்வெர்ட்டரில் ஓட்டுவது எப்படி

ஆலப்புழையில் ஹவுஸ்போட்டுகள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் கரை ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு காயலில் மீன்பிடிக்காரர்கள் வலை போடுவார்கள், படகு நகரக் கூடாது. சாப்பாடு முடிந்து ஒன்பது மணி ஆனதும் ஒவ்வொரு படகிலும் ஜெனரேட்டர் கிளம்பும், ஏனென்றால் பெரும்பாலான படகுகளில் ஏசி ஒன்பதில் இருந்து காலை ஆறு வரைதான். பக்கத்துப் பக்கத்தில் பத்துப் படகு கட்டியிருந்தால் பத்து ஜெனரேட்டர். தவளைச் சத்தம் கேட்டுத் தூங்கலாம் என்று அவ்வளவு தூரத்தில் இருந்து வந்த குடும்பம் டீசல் அதிர்வில் படுத்திருக்கும். சத்தத்தை விட எனக்குப் பயம் புகைதான். காற்று அசையாத ராத்திரியில் பக்கத்துப் படகின் புகை மூங்கில் பாய் இடுக்கு வழியாக உள்ளே வந்து, மூடிய ஏசி அறையில் தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். ஆலப்புழையிலும் குமரகத்திலும் படகு வயரிங் வேலை பல வருடமாகச் செய்கிறேன். ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து ராத்திரி முழுக்க ஏசி ஓட்ட முடியுமா என்று முதலாளிகள் கேட்காத சீசன் இல்லை. முடியும். ஒரு படுக்கையறைப் படகுக்கு நன்றாகவே முடியும், இரண்டு அறைக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்தால் முடியும், நான்கைந்து அறை உள்ள பெரிய படகுக்கு இப்போதைக்கு ஜெனரேட்டரே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாரும் எத்தனை கேவிஏ (எவ்வளவு லோடு தாங்கும் என்கிற அளவு) இன்வெர்ட்டர் வாங்கட்டும், எத்தனை பேட்டரி போடட்டும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அறையை. அறை ஒழுகினால் நீங்கள் எத்தனை பேட்டரி போட்டாலும் அது காயலைக் குளிர வைக்கத்தான் போகும்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எங்க படகில் இருப்பது இன்வெர்ட்டர் ஏசிதான், அப்போ பேட்டரியில் ஓடும்தானே?" என்று கேட்கிறார்கள். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏசி. பேட்டரியில் இருந்து 230 வோல்ட் எடுக்கிற பெட்டி வேறு, அதற்கும் பேர் இன்வெர்ட்டர். நமக்கு இரண்டுமே வேண்டும். இந்தக் கட்டுரையில் இனிமேல் ஏசியை ஏசி என்றும் பெட்டியை இன்வெர்ட்டர் என்றும் சொல்கிறேன்.

சரி, முதல் வேலை அளப்பது. பிளக்கில் சொருகிப் பார்க்கிற சின்ன எனர்ஜி மீட்டர் ஆன்லைனில் கிடைக்கும், ஏசிக்குத் தாங்குகிற 16 ஆம்ப் மாடல் வாங்குங்கள். கெஸ்ட் இருக்கும் ஒரு நிஜ ராத்திரியில், ஒன்பதில் இருந்து ஆறு வரை, ஏசி எத்தனை யூனிட் எடுக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அளந்தால் ரொம்ப நல்லது, டிசம்பரில் அளந்து கணக்குப் போட்டால் கோடையில் மாட்டிக்கொள்வீர்கள். போன மே மாதம் ஒரு படகில் நானே ராத்திரி தங்கி அளந்தேன். ஒரு டன் ஏசி, 22 டிகிரியில் வைத்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு மீட்டரில் 1040 வாட்ஸ். பதினொரு மணிக்கு 900. ஒரு மணிக்குக்கூட 700க்குக் கீழே இறங்கவில்லை. காலையில் பார்த்தால் 6.8 யூனிட். ஒன்பது மணி நேரமும் கம்ப்ரசர் மூச்சு விடாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம், ஆனால் அறையோ பத்துக்குப் பத்துதான். குளிர் எங்கேயோ போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். ஏசியும் ஃபேனும் ஓடட்டும், ஊதுபத்தியைக் கதவடி, ஜன்னல் ஓரம், பாத்ரூம் கதவு, கூரையும் சுவரும் சேரும் இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே வளைந்து ஓடுகிறதோ அங்கே ஓட்டை. அந்தப் படகில் பாத்ரூம் கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி, பாத்ரூமில் எப்போதும் ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன். அறையின் குளிர்ந்த காற்றை அதுதான் ராத்திரி முழுக்க உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கூரை அதைவிட மோசம். கெட்டுவள்ளத்தின், அதாவது கயிற்றால் தைத்த இந்த மரப்படகின், வளைந்த கூரை மூங்கிலும் பாயும்தான், பார்க்க அழகு, ஆனால் அது காற்றைத் தடுக்காது, வெயிலைப் பகல் முழுக்க வாங்கிவைத்து ராத்திரி உள்ளே இறக்கும். கூரைக்கும் உள் சீலிங்குக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட், வெளிப்பக்கம் அலுமினியம் ஃபாயில் ஒட்டியது, இடைவெளி இல்லாமல் விரித்து மூட்டுகளில் டேப் ஒட்டினோம். தீப்பிடித்தால் பரவாத ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும், மூங்கிலும் கயிறும் நிறைந்த படகு இது. கதவுக்கு ரப்பர் பீடிங், ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கனத்த திரை, எக்ஸாஸ்ட் ஃபேனை லைட் சுவிட்சோடு சேர்த்துவிட்டோம். ஏசியை 25ல் வைத்து மறுபடி ஒரு ராத்திரி அளந்தால் 4.1 யூனிட். இன்வெர்ட்டர் வாங்காமலேயே கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தாயிற்று. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது, 2020 ஜனவரியில் இருந்து ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படி அமைத்து வருவதும் மத்திய அரசின் உத்தரவால்தான். ஆனால் டிகிரியை விட ஓட்டை அடைத்ததுதான் இங்கே அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

அடுத்து ஏசி. பழைய, ஒரே வேகத்தில் ஓடுகிற ஏசி இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு டன் பழைய ஏசி ஓடும்போது 5 ஆம்ப்தான் எடுக்கும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு, அதாவது 25, 30 ஆம்ப் ஒரு கணம் இழுக்கும். அந்த ஒரு கணத்துக்காக நீங்கள் ஆறு கேவிஏ தாங்குகிற இன்வெர்ட்டர் தேட வேண்டி வரும், தெர்மோஸ்டாட் அணைத்து ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் பேட்டரிக்கு அடி விழும். வேகம் மாறும் ஏசி மெதுவாக எழுந்து, அறை குளிர்ந்ததும் 300, 350 வாட்ஸில் ராத்திரியை ஓட்டிவிடும். ஒரு டன் போதுமான அறைக்கு ஒன்றரை டன் மாட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் கழற்றிவிடலாம், நல்ல இன்வெர்ட்டர் கொடுப்பதே நிலையான 230 வோல்ட்தான், நடுவில் அது இருந்தால் வீணாகக் கரண்ட் தின்னும்.

வெளிநாட்டு யாட்ச்களில் கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர வைக்கிற ஏசி வைக்கிறார்கள். நம் காயலுக்கு அது ஒத்து வராது. ஆகாயத்தாமரை வேரும் குப்பையும் வடிகட்டியை ஒரே நாளில் அடைக்கும். வீட்டு ஸ்பிளிட் ஏசியே நல்லது. அவுட்டோர் யூனிட்டை ஜெனரேட்டர் புகைபோக்கிப் பக்கம் வைக்காதீர்கள், கூரைக்கு அடியில் சூடு தேங்கும் மூலையிலும் வேண்டாம். அடியில் ரப்பர் பேட், காப்பர் பைப்பில் ஒரு சுற்று தளர்வு. என்ஜின் அதிர்வில் பைப்பை இணைக்கிற ஃபிளேர் நட் கசிந்துதான் பாதி படகுகளில் கேஸ் போகிறது. இண்டோர் யூனிட்டில் இருந்து சொட்டுகிற தண்ணீரைக் கண்டிப்பாகப் படகுக்கு வெளியே விட வேண்டும். பலர் ஹோஸைப் படகின் அடித்தளத்தில் விட்டுவிடுகிறார்கள், நல்ல தண்ணீர் தேங்கினால் ஆஞ்சிலிப் பலகை உளுத்துப்போகும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு, அடிப்பலகையில் எதற்காகவும் துளை போட வேண்டாம்.

இப்போது பேட்டரிக் கணக்கு. ஏசி 4.1 யூனிட், ஃபேன், லைட், ஃபோன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 0.4, மொத்தம் 4.5. இன்வெர்ட்டர் நூறு வாங்கி தொண்ணூறு கொடுக்கும் என்று வைத்தால் பேட்டரியில் இருந்து 5 யூனிட் எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் சும்மா ஓடிக்கொண்டிருக்கவே 40 வாட்ஸ் தின்னும், ஒன்பது மணி நேரத்துக்கு 0.36. ஆக 5.4 யூனிட். லித்தியம் பேட்டரியில் எண்பது சதவீதம் பயன்படுத்தலாம் என்று எடுத்தால் 6.7 யூனிட் கொள்ளளவு வேண்டும். 51.2 வோல்ட் (பொதுவாக 48 வோல்ட் என்று சொல்வது இதைத்தான்) 150 ஏஹெச் பேட்டரி 7.68 யூனிட் (ஏஹெச் என்பது ஆம்பியர்-அவர், வோல்ட்டோடு பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட்), இது சரியாக உட்காரும். 100 ஏஹெச் என்றால் 5.12, பத்தாது. அறையை அடைக்காமல், 6.8 யூனிட் எடுத்த அந்த முதல் ராத்திரியை வைத்தே கணக்குப் போட்டிருந்தால் 200 ஏஹெச் போட்டும் காலையில் தடுமாறியிருக்கும். ஃபோம் ஷீட் விலை என்ன, 50 ஏஹெச் லித்தியம் விலை என்ன என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏஹெச் டியூபுலர், அதாவது ஆசிட் பேட்டரி, போடலாமே என்பார்கள். 12 வோல்ட் 150 ஏஹெச் என்பது 1.8 யூனிட், அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும், ஆக ஒன்றுக்கு 0.9 யூனிட். 5.4க்கு ஆறு பேட்டரி, 48 வோல்ட்டுக்கு நான்கு நான்காகத்தான் சேர்க்க முடியும் என்பதால் எட்டு. ஒன்று ஆசிட்டோடு 55 கிலோவுக்குக் குறையாது, எட்டும் சேர்ந்தால் நானூற்று நாற்பது கிலோவுக்கு மேல். படகு ஒரு பக்கம் சாயும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும், முழுசா சார்ஜ் ஏற எட்டுப் பத்து மணி நேரம். அதே வேலை செய்கிற லித்தியம் எழுபது, எண்பது கிலோ. லித்தியம் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி. வேறு ரகத்தைப் படகில் ஏற்றாதீர்கள். பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கிற எலக்ட்ரானிக் போர்டு, 100 ஆம்பாவது தாங்க வேண்டும்.

ஏன் 48 வோல்ட் என்று கேட்டால் காரணம் எளிது. ஏசி ஆயிரம் வாட்ஸ் எடுக்கும் நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 87 ஆம்ப் போகும், 24 என்றால் 43, 48 என்றால் 22 ஆம்ப்தான். ஆம்ப் கூடக் கூட கேபிள் பருமன், சூடு, மூட்டுகளில் இழப்பு எல்லாம் கூடும். அதனால் ஏசி என்று வந்துவிட்டால் 48க்குக் கீழே யோசிக்காதீர்கள். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை கொடுப்பது, ஒரு ஏசிக்கு 3 கேவிஏ. அதில் எழுதியிருக்கிற கேவிஏவை நம்பாமல் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள், 3 கேவிஏ என்று போட்டு 2400 வாட்ஸ் கொடுப்பதுதான் அதிகம், அது நமக்குப் போதும். ஸ்கொயர் வேவ் பெட்டியில் ஏசி போர்டு போய்விடும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான இன்வெர்ட்டர்கள் எனக்குப் பிடிக்கும், அதிர்ச்சி தாங்கும், படகில் ரிப்பேர் செய்யவும் முடியும். லித்தியம் மோடு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 16 செல் எல்எஃப்பி பேட்டரிக்குச் சார்ஜ் 56, 56.8 வோல்ட்டில் நிற்க வேண்டும், 48 வோல்ட்டில் கட் ஆக வேண்டும். டியூபுலர் மோடில் விட்டால் அதற்கு மேலே ஏற்றி பிஎம்எஸ் அடிக்கடி துண்டிக்கும்.

வயரிங்கில்தான் உயிர் இருக்கிறது, இங்கே நிதானமாகப் படியுங்கள். பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டருக்கு 25 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் காப்பர், கூடுமானால் வெள்ளீயம் பூசியது, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ், 125 ஆம்ப், டிசிக்கு (பேட்டரி கரண்ட்டுக்கு) என்றே செய்தது. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்ப் பாயும், வீட்டு எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்) அதை அறுக்காது, உள்ளேயே ஆர்க் அடித்து எரியும். கேபிள் முனையில் மாட்டுகிற உலோக வளையமான லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்துத்தான் அமுக்க வேண்டும். வேறொருவர் செய்த ஒரு படகில், கெஸ்ட் ஏறிய இரண்டாவது ராத்திரி பிளாஸ்டிக் கருகிய வாசனை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பேட்டரி பிளஸ் லக், சுத்தியலால் அடித்து நசுக்கியது. பக்கத்தில் சிவப்புக் கேபிளின் தோல் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பாகி, லேசாகக் கையால் இழுத்ததும் லக் தனியாகக் கழன்று வந்தது, உள்ளே செம்பு கருத்துப்போயிருந்தது. பகலில் என்ஜின் அதிர்வில் தளர்ந்தது, ராத்திரி ஏசி கரண்ட்டில் சூடாகியிருக்கிறது. ஒரு லக். அன்றைக்கு அந்த அறையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்து நான் வேலை முடித்ததும் ஏசியை 18ல் வைத்து ஒரு மணி நேரம் முழு லோடில் ஓட்டுவேன், பிறகு ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் கேபிளின் தோல்மேல் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு சரி, கை எடுக்க வைக்கிற சூடு என்றால் மறுபடி செய்ய வேண்டும். மல்டிமீட்டரில் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்ட் பாருங்கள், முழு லோடில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அதைவிட முக்கியம் எர்த். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச், போட்டால் ஷாக் அடிக்கும்போது விழும், காரணம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்கிறது, கசிகிற கரண்ட் அந்த வழியாகத் திரும்பிப் போகிறது. படகில் இன்வெர்ட்டரின் இரண்டு வயரும் அந்தரத்தில் தொங்குகின்றன. ஏசி பாடியில் பேஸ் பட்டாலும் திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி சும்மா இருக்கும், இரண்டாவதாக எங்காவது ஒரு கசிவு வரும்போது ஆளை அடிக்கும். அதனால் இன்வெர்ட்டர் அவுட்புட்டில், ஆர்சிசிபிக்கு முன்னால், நியூட்ரலையும் படகின் எர்த்தையும் இணைக்க வேண்டும். கரைக் கரண்ட், அதாவது ஜெட்டியில் கிடைக்கிற மின்சாரம், சொருகியதும் அந்த இணைப்பு விலக வேண்டும், அங்கே கேரள மின்வாரியமான கேஎஸ்இபி ஏற்கெனவே இணைத்திருக்கிறது. நல்ல மரைன் இன்வெர்ட்டரில் இதற்கென்று ரிலே உள்ளேயே இருக்கும். வீட்டு மாடல் என்றால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு, இன்வெர்ட்டர் பக்கத்தில் மட்டும் இணைப்பு வைக்க வேண்டும், அந்த இன்வெர்ட்டர் அப்படி இணைக்க அனுமதிக்கிறதா என்று மேனுவலில் பார்த்த பிறகு. அவுட்டோர் யூனிட் பாடி, இன்வெர்ட்டர் பாடி, ஜெனரேட்டர், என்ஜின் பிளாக் எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும்.

ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே, அப்போ சரிதானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் வேலை செய்கிறது, எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழும். சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் சோதிக்கிற ஆர்சிடி டெஸ்டர் (ஆர்சிசிபியைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும், 30 மில்லியாம்ப்பில் விழ வேண்டும். கரைக் கரண்ட்டில் ஒரு தடவை, இன்வெர்ட்டரில் ஒரு தடவை. இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், படகைச் சுற்றி இருப்பது தண்ணீர். அதுவும் உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் கசிந்தால், தண்ணீரை விட மனித உடம்புதான் கரண்ட்டுக்கு நல்ல வழி. நீந்துகிற ஆளின் கைகால் மரத்துப்போகும், சத்தம் போடக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார். கரையோரம் குழந்தைகள் குதித்து விளையாடுகிற காயல் இது. இந்த வேலை தெரியாத எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காதீர்கள், முடித்ததும் படகின் சர்வேயரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் எங்கே வைப்பது? அடுக்களைப் பக்கம் வேண்டவே வேண்டாம். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், அங்கே இன்வெர்ட்டர் ரிலே ஒரு பொறி தட்டினால் போதும். அதனால் அடித்தளக் குழிக்குள்ளும் வேண்டாம். படகின் நடுக்கோட்டில், தரைக்கு மேல் ஒரு அடியாவது உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டியில், பேட்டரியை பெல்ட் போட்டுக் கட்டி வையுங்கள். என்ஜின் அறைச் சூட்டில் லித்தியத்தின் ஆயுள் குறையும்.

சார்ஜ் எப்படி ஏற்றுவது என்பதில் ஆளுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பகலில் என்ஜின் ஓடுகிறதே, என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரில் இருந்து எடுக்கலாம் என்பார்கள். 12 வோல்ட் 65 ஆம்ப் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுப்பதே தொள்ளாயிரம் வாட்ஸ்தான், நம் படகுகள் ஓடுவதோ நடக்கிற வேகத்தில், மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவதும் உண்டு. அதோடு லித்தியம் கேட்கிற கரண்ட்டை அப்படியே கொடுக்கப் போய் ஆல்டர்னேட்டர் எரியும். டிசி டு டிசி சார்ஜர் வைத்து ஓரளவு எடுக்கலாம், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

நல்ல வழி கரைக் கரண்ட். காலையில் கெஸ்ட் இறங்கி அடுத்த கெஸ்ட் ஏறுவதற்குள் ஜெட்டியில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், 60 ஆம்ப் சார்ஜர் இருந்தால் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஏறும், ராத்திரி செலவான அத்தனையும் திரும்பிவிடும். வீட்டு இன்வெர்ட்டர்களில் உள்ளே இருக்கிற சார்ஜர் பெரும்பாலும் 15, 20 ஆம்ப்தான், அதைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் தனிச் சார்ஜர் வையுங்கள். கரைக் கரண்ட் கிடைக்காத இடத்தில் கட்டுகிற நாள் சாயங்காலம் ஆறரையில் இருந்து எட்டரை வரை ஜெனரேட்டரை ஓட்டுங்கள். அந்த நேரம் சமையல், மிக்ஸி, ஹீட்டர் என்று எப்படியும் லோடு இருக்கும், கெஸ்ட்டும் விழித்திருப்பார்கள்.

சோலார் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவில் 2017 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஆதித்யா படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு இதே வேம்பநாட்டுக் காயலைச் சூரிய ஒளியில் கடக்கிறது, அதனால் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் நான்கு யூனிட் தரும், இரண்டு கிலோவாட் போட்டால் நம் ஒரு அறைக் கணக்கு நேராகும். ஜூன், ஜூலை மழையில் பாதியாகக் குறையும். பேனலை வளைந்த பாய்க் கூரைமேல் நேரடியாகக் கட்டாமல் தனி ஃபிரேமில், கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று போகும்படி வைத்தால் கூரைக்கு நிழலாகவும் ஆகும், அறை சூடு குறைவதை நான் கையால் தொட்டே உணர்ந்திருக்கிறேன். கட்டும்போது தென்னை ஓலை நிழல் பேனலில் விழாமல் பார்க்கச் சொல்லி ஸ்ராங்கிடம் (படகு ஓட்டுகிறவரிடம்) சொல்லி வையுங்கள், ஒரே ஒரு ஓலை நிழல் வரிசை முழுக்கக் கரண்ட்டைக் குறைத்துவிடும்.

கடைசியாக, ராத்திரி ஓட்டுகிற முறை. வெறும் பேட்டரியில் சூடான அறையைக் குளிர வைக்க ஆரம்பிக்காதீர்கள், அந்த முதல் ஒரு மணி நேரம்தான் ஏசி அதிகம் தின்னும். ஜெனரேட்டரோ கரைக் கரண்ட்டோ இருக்கும்போதே, கெஸ்ட் சாப்பிடுகிற நேரத்தில், 23ல் வைத்து அறையையும் மெத்தையையும் நன்றாகக் குளிர வைத்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு இன்வெர்ட்டருக்கு மாற்றி 25 அல்லது 26ல் வைத்து ஃபேனை மெதுவாக விட்டால், அதற்குப் பிறகு குளிரைப் பிடித்து வைக்கிற வேலை மட்டும்தான். கீசர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதுவும் இன்வெர்ட்டர் லைனில் வராதபடி தனி சர்க்யூட்டில் பிரித்துவிடுங்கள், கெஸ்ட்டிடம் சொல்லிப் புரிய வைப்பதை விட அது எளிது.

ஜெனரேட்டரைக் கழற்றி விற்றுவிட வேண்டாம், வாரம் ஒரு தடவை லோடு கொடுத்து ஓட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை எல்லா லக் போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், பேட்டரி மெயினை அணைத்துவிட்டு. முதல் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்குப் பேட்டரி எத்தனை சதவீதம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் சொன்ன கணக்குப்படி முப்பதை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு நாள் இருபதுக்குக் கீழே போனால் பேட்டரி விற்றவரைக் கூப்பிடுவதற்கு முன் ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அப்புறம் பாத்ரூம் கதவுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், அந்த ரப்பர் பீடிங் பெரும்பாலும் பிய்ந்திருக்கும்.